வயசாச்சு என்பதற்கு அப்பால்: மேச்சேரிப் பக்கத்தில் மறதிநோய்க்கு மருத்துவம் தேடுவது

துண்டுக்குள் கைவிட்டு விலை பேசிப் பழகிய தலைமுறை ஒன்று சேலம் மாவட்டத்துச் சந்தைகளில் இருக்கிறது. விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் போகும். எந்த விரலைப் பிடிக்கிறார், எத்தனை விரலை அழுத்துகிறார் என்பதுதான் விலை. வெளியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்படி நாற்பது ஆண்டு மேச்சேரி ஆட்டுச் சந்தையில் வியாபாரம் செய்த ஒருவரை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடியவர். வயது எழுபத்திரண்டு.

ஒரு வாரம் அவர் துண்டுக்குள் பிடித்த விரல் தவறிப்போகிறது. இன்னொரு வாரம் ஒரே ஆட்டுக்கு இரண்டு தடவை முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறார். மகன் கணக்குப் பார்த்துவிட்டு, “வயசாச்சுப்பா, இனிமே சந்தைக்கு நான் போய்க்கறேன்” என்கிறான். அன்போடு சொன்னதுதான். அன்றிலிருந்து அவர் திண்ணையில் உட்கார்கிறார். சந்தைக்குப் போகாதவருக்குக் கணக்கில் பிழை வராது. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, வேட்டி துவைத்து வருகிறது, பேரப்பிள்ளைகளின் பெயர் மாறிப்போனால் எல்லோரும் சிரித்துக்கொள்கிறார்கள். இப்படியே இரண்டு ஆண்டு போகிறது. அவருக்கு ஏதோ நோய் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய இடத்திலிருந்து அவரை நாமே எடுத்துவிட்டோம்.

பிறகு ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சந்தைக்கு நேரமாகிவிட்டது என்று தாழ்ப்பாளைத் திறக்கிறார். பிடித்து உட்காரவைத்த மருமகளைப் பார்த்து, “எங்காச எடுத்து வெச்சுக்கிட்டு என்னையே தடுக்கிறயா?” என்று கத்துகிறார். மருத்துவரைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் முதன்முதலாக அன்றைக்குத்தான் எழுகிறது.

நடுவில் காணாமல்போன அந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. நம் பக்கத்தில் மறதிநோய்க்கு மருந்தோ மருத்துவரோ அறவே இல்லை என்பது உண்மையன்று. நோய் மருத்துவமனை வாசலுக்கு வந்துசேரும் பாதை மிக நீளம், அந்தப் பாதையின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

இதற்கு ஒரு எண் சாட்சி உண்டு. அதுவும் நம் மாநிலத்திலிருந்தே. 1998-இல் தொடங்கிய ஓர் ஆய்வுக் குழுவுக்கு ‘10/66’ என்று பெயர். உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றி நடக்கவில்லை என்ற வருத்தத்தில் வைத்த பெயர் அது. அந்தக் குழு லத்தீன் அமெரிக்கா, சீனா, இந்தியா ஆகிய இடங்களில் 65 வயதைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தது. இந்தியாவில் தேர்ந்த இரண்டு களமும் தமிழ்நாட்டில்தான்: நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூரைச் சுற்றிய ஊர்கள். முடிவு 2008-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி விதிகளை அப்படியே பொருத்திப் பார்த்தபோது கியூபாவில் 6.3 விழுக்காடு முதியவர்களுக்கு மறதிநோய் இருந்தது. வேலூர்க் கிராமங்களில் 0.3 விழுக்காடு. ஆயிரம் பேரில் மூன்று பேர்.

அதே கிராமங்கள், அதே முதியவர்கள். இப்போது 10/66 குழு தானே வகுத்த முறையால், அதாவது படிப்பில்லாதவருக்கும் பொருந்துகிற நினைவுச் சோதனையால், நேரடியாகப் பார்த்தார்கள். எண் பத்து விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

முப்பது மடங்குக்கு மேல் வேறுபாடு. கணக்குப் பிழை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் காரணத்தையும் ஆய்வாளர்களே கண்டு எழுதினார்கள். அமெரிக்க விதியின்படி, நினைவு குறைந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கையும் வேலையும் கெட்டிருப்பதாக உடனிருப்பவர் சொல்ல வேண்டும். வேலூர்க் கிராமத்து வீடுகளில் உடனிருப்பவர்கள் அப்படிச் சொல்லவில்லை. “அவுங்களுக்கு என்னங்க, நல்லாத்தான் இருக்காங்க.” பொய் சொல்லவில்லை. கிழவரிடம் எந்த வேலையையும் எதிர்பார்க்காத வீட்டில் எந்த வேலை கெட்டுப்போகும்? திண்ணையில் உட்கார்ந்த நம் ஆட்டு வியாபாரி அந்த 0.3 விழுக்காட்டுக்குள் வரமாட்டார். பத்து விழுக்காட்டுக்குள் வருவார்.

இந்தியாவில் பிற இடங்களில் வந்த எண்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். டெல்லிக்கு அருகே பல்லப்கரில் நடந்த இந்திய அமெரிக்கக் கூட்டாய்வு, 65 வயதுக்கு மேல் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினருக்கே மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் என்றது. உலகிலேயே குறைவு என்று அப்போது அது பேசப்பட்டது, மஞ்சளுக்கும் கூட்டுக்குடும்பத்துக்கும் பாராட்டுகூடக் கிடைத்தது. திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் ராஜ்குமார், தாரா முதலியோர் செய்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில் அறுபது வயதுக்கு மேல் 3.5 விழுக்காடு. நாடு முழுவதும் நடந்த பெரிய முதுமை ஆய்வின் மறதிநோய்ப் பகுதி 2023-இல் வெளிவந்தபோது 7.4 விழுக்காடு, அதாவது சுமார் 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் கூடுதல், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதல், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு மிகக் கூடுதல். இந்த எண்களை வரிசையாக வைத்து நோய் வேகமாகப் பெருகிவிட்டது என்று படிப்பது தவறு. முதுமை கூடியிருக்கிறது, உண்மை. கேட்கும் முறை திருந்தியிருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபதைத் தாண்டியவர்கள் 2021 நிலவரத்தில் 13.6 விழுக்காடு என்பது அரசின் கணிப்பு. ஆயிரம் பேர் வாழும் ஒரு சிற்றூரில் அது 136 பேர். 7.4 விழுக்காட்டை அதன்மேல் வைத்தால் பத்துப் பேர். மேச்சேரியிலிருந்து மேட்டூருக்கோ ஓமலூருக்கோ பேருந்தில் போகும்போது சாலையோரம் கடந்துபோகும் ஒவ்வொரு ஊருக்குள்ளும் இப்படி இத்தனை பேர் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். தோராயக் கணக்குத்தான். ஆனாலும் அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேரை ஊர் நோயாளி என்று அறிந்திருக்கிறது?

ஊர் அவர்களைக் கவனிக்காமல் இல்லை. கவனித்ததற்கு மொழியே ஆதாரம். இங்கே ‘புத்தி தடுமாறுது’, ‘நெனப்புத் தவறுது’, ‘மறுபடியும் கொழந்தையாயிட்டாங்க’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’. கேரளத்தில் மனநல மருத்துவர் கே. எஸ். ஷாஜி குழுவினர் கேட்டபோது ‘சின்னன்’ என்றார்கள், சிறுபிள்ளைத்தனம் என்று பொருள். காசி நகரத்தில் பல ஆண்டு ஆய்வு செய்த லாரன்ஸ் கோஹன் அங்கே கேட்ட சொல்லுக்கு ‘அறுபதாகிவிட்டார்’ என்று பொருள். இச்சொற்களில் ஓர் இரக்கம் இருப்பதை நான் மறுக்கமாட்டேன். பைத்தியம் என்ற முத்திரை விழாமல், வீட்டை விட்டு விரட்டாமல், கிழவியை அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்ட சொற்கள் இவை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட நோயின் பெயராக இல்லை. வயதுக்கு யாரும் சீட்டு வாங்கிக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போவதில்லை.

மறதியை முறையிடாத வீடு நடத்தையை முறையிடும். தூக்கமில்லை, அடிக்க வருகிறார், காசைத் திருடினாய் என்கிறார், சாப்பிட்டுவிட்டு வெளியே போய்ப் பக்கத்து வீட்டில் சோறே போடவில்லை என்கிறார். கடைசியாகச் சொன்னது மிகக் கொடியது. பக்கத்து வீட்டார் நம்பிவிடுவார்கள். நினைவு அழிந்தவர் பொய் சொல்லவில்லை, பத்து நிமிடத்துக்கு முன் சாப்பிட்டது அவர் மூளையில் பதியவே இல்லை. மூளையில் புதிய நினைவைப் பதிக்கும் பகுதியைத்தான் அல்சைமர் நோய் முதலில் தாக்குகிறது. ஐம்பது ஆண்டுக்கு முன் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தது நன்றாக நினைவிருக்கும், காலையில் மாத்திரை போட்டது இருக்காது. கோவாவில் ஆய்வாளர்கள் விக்ரம் படேலும் மார்ட்டின் பிரின்ஸும் பேசிப்பார்த்த மக்கள், இந்நிலைக்குக் காரணமே பிள்ளைகள் சரியாகக் கவனிக்காததுதான் என்றார்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகள்மேல் பகலில் ஊர் வைக்கும் பழி இது.

இந்த நோயின் வரலாறே ஒரு மனநல மருத்துவமனையில்தான் தொடங்குகிறது என்பதை இங்கே நினைத்துக்கொள்வது பயன்தரும். 1901 நவம்பரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் இல்லத்தில் அகுஸ்தே என்ற 51 வயதுப் பெண்மணியைக் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். நோய் தலைகாட்டியது மறதியாக இல்லை, கணவர்மேல் சந்தேகமாக. அவளைப் பார்த்த மனநல மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-இல் அவள் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, உயிரணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக்கிடந்த இழைகளையும் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் ட்யூபிங்கன் நகரத்தில் மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னார். 1910-இல் மனநல மருத்துவ அறிஞர் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் அல்சைமர் பெயரை நோய்க்கு வைத்தார். சந்தேகத்தோடு வாசலுக்கு வந்த நோயாளிக்குள் மூளைநோயைக் கண்டவர் ஒரு மனநல மருத்துவர். மேச்சேரியிலும் அதே வரிசையில்தான் நடக்கப்போகிறது.

ஆகவே “மூளைக்குப் பார்க்கிறவரிடம் போவதா, மனசுக்குப் பார்க்கிறவரிடம் போவதா?” என்ற கேள்விக்கு என் பதில்: எவர் முதலில் கிடைக்கிறாரோ அவரிடம். நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர், முதியோர் மருத்துவர் மூவருமே இந்த நோயைக் கண்டறியவும் மருந்து தொடங்கவும் வல்லவர்கள். கை நடுக்கம், நடை தளர்வு, பக்கவாதம், வலிப்பு, அறுபதுக்கு முன்பே தொடங்கிய மறதி என்றால் நரம்பியலுக்குப் போவது நல்லது. தூக்கமின்மை, சந்தேகம், ஆவேசம், அழுகை முன்னால் நின்றால் மனநலப் பிரிவு. ‘மெண்டல் டாக்டரா?’ என்ற கூச்சத்தால் இரண்டாவது கதவைத் தட்டாமலே விடுகிறார்கள். அந்தக் கூச்சத்துக்கு இந்த நோயில் விலை அதிகம்.

மேச்சேரிக்காரருக்குக் கதவுகள் எங்கே? முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அங்கே பார்த்துவிடலாம். அடுத்தது மேட்டூர் அரசு மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கியது, அதன் மனநல மருத்துவர் மாவட்டத்துக்குள் மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வந்து பார்ப்பது அத்திட்டத்தின் முறை. எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் கூலி வீண். மூன்றாவது சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அதற்கப்பால் என்றால் சென்னையைவிடப் பெங்களூருதான் நமக்குப் பக்கம், தொப்பூர்க் கணவாயைத் தாண்டினால் அங்குள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்குப் போகும் நெடுஞ்சாலை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம், காசு இல்லை. முதியோருக்கான 14567 வேறு இருக்கிறது.

ஒரு கணிப்புப்படி இந்தியாவில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 தான். வரிசை நீளமாக இருக்கும், பேச நேரம் குறைவாக இருக்கும். அதனால் யார் கூடப் போவது என்பது முக்கியம். திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்த மகன் போனால் “நல்லாத்தான் பேசறாரு டாக்டர்” என்பார். கூடவே இருக்கும் மருமகளோ மகளோ போக வேண்டும். போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரு பையில் போக வேண்டும். எப்போதிலிருந்து, முதலில் என்ன தவறியது, எது திடீரென்று வந்தது, எது மெல்ல வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு அது பாதி நோயறிதல்.

திடீர், மெல்ல என்ற வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். அல்சைமர் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும் நோய். நேற்று வரை சரியாக இருந்தவர் இன்று ஆளே தெரியாமல் உளறுகிறார் என்றால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, ரத்தத்தில் உப்புக் குறைவு, சர்க்கரை தாழ்ந்துபோதல், தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். மனநலப் பிரிவின் கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாது, அவசரப் பிரிவுக்கு அன்றே போக வேண்டும்.

மெல்ல வந்த மறதியிலும் திருப்பக்கூடியவை சில உண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு குறைவு, முதுமை மனச்சோர்வு, காது கேளாமை, கண்புரை. மனச்சோர்வு மறதியைப் போலவே வேடம் கட்டும், மருந்தில் தெளியும். ரத்தப் பரிசோதனையும் ஒருமுறை தலை ஸ்கேனும் எடுக்கச் சொல்வது இவற்றைத் தேடத்தான். காதைப் பற்றி நம் பகுதியில் தனியாகப் பேச வேண்டும். விசைத்தறிச் சத்தத்துக்குள் முப்பது ஆண்டு நின்றவர்கள் ஜலகண்டாபுரம், தாரமங்கலம், மேச்சேரி எங்கும் இருக்கிறார்கள். 2024-இல் லான்செட் ஆணையம் மறதிநோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. காது கேளாமையும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பள்ளிப்படிப்பின்மையும் தனிமையும் அதில் இருக்கின்றன. காது மெஷின் மறதிக்கு மருந்தா என்று சிரிக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றுமில்லை.

சோதனையிலும் ஒரு சிக்கல். மேலை நாட்டு நினைவுச் சோதனை ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், ஐங்கோணப் படத்தைப் பார்த்து வரையச் சொல்லும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். பென்சில் பிடித்தே அறியாத கிழவி எதையும் செய்யமாட்டாள், அது நோய் இல்லை. பல்லப்கர் ஆய்வுக்காக இந்தியில் புதிய சோதனையை அமைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் கே. எஸ். ஜேக்கப் முதலியோர் நம் கிராமத்துக்கு ஏற்ற சிறு கேள்வித்தொகுதிகளை வகுத்தார்கள். தேதி கேட்பதைவிட, என்ன மாதம், எந்தப் பண்டிகை போயிற்று, எந்த நாள் சந்தை என்று கேட்பது பொருத்தம். மேச்சேரிக் கிழவியிடம் பத்ரகாளியம்மன் திருவிழா எப்போது முடிந்தது என்று கேட்கும் மருத்துவர் சரியான கேள்வியைக் கேட்கிறார்.

இனி மருந்து. நோயை அழிக்கும் மருந்து இன்று இல்லை, இதை முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடும் மருத்துவரே நல்லவர். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், காலன்டமின் ஆகிய மூன்றும், மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கின்றன. மெமண்டின் வேறு வழியில் வேலை செய்து நடு, முற்றிய நிலைகளில் உதவும். சிலருக்கு ஆறு மாதமோ ஓராண்டோ நிலைமை நின்றாற்போல் இருக்கும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. வாந்தி, பேதி, பசியின்மை, நாடித்துடிப்பு தணிதல் வரலாம், அப்போது தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2023 ஜூலையில் முழு அனுமதி பெற்ற லெக்கனமேப் பற்றி நாளேடுகள் பெரிதாக எழுதின. பதினெட்டு மாத ஆய்வில் சரிவை 27 விழுக்காடு மெதுவாக்கியது என்பது உண்மை. தொடக்க நிலைக்கு மட்டும், முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும், மூளை வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடும் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு திண்ணையில் கழித்துவிட்டு வருபவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

நடத்தைக்குத் தரும் மருந்தில்தான் எனக்குக் கவலை அதிகம். ஆவேசம் தாங்காமல் வரும் குடும்பம் ஒன்றே ஒன்றைக் கேட்கும்: “தூங்க வெச்சுக் குடுங்க டாக்டர்.” கேட்பவர் பல மாதம் தூங்காதவர், அவர்மேல் குற்றமில்லை. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகளை மறதிநோய் முதியவர்களுக்குக் கொடுத்தால் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் எச்சரித்தது. அறவே கூடாது என்று பொருளில்லை. ஆபத்தான ஆவேசம் இருந்தால், மிகக் குறைந்த அளவில், சில வாரத்துக்கு, மறுபடி பார்த்து நிறுத்தும் திட்டத்தோடு தரலாம். நம் ஊரில் நடப்பது என்னவென்றால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்குவது. அதோடு உடல் விறைப்பு வராமலிருக்கச் சேர்த்துக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிபெனிடில், அரிப்புக்குப் போடும் பழைய வகை மாத்திரைகள், தூக்க மாத்திரைகள் எல்லாம் மறதியைக் கூட்டக்கூடியவை. டோனெபெசில் போன்ற மருந்து அசிட்டைல்கோலினைக் காக்கிறது, இந்த மாத்திரைகளில் பல அதையே தடுக்கின்றன. பையில் எல்லா அட்டையையும் கொண்டுபோகச் சொன்னது இதனால்தான்.

மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை வேறு. ஆவேசத்துக்குப் பின்னால் மலச்சிக்கல் இருக்கும், பல்வலி இருக்கும், சிறுநீர் முட்டி நிற்கும், சொல்லத் தெரியாது. பொழுதுசாயும் நேரத்தில் குழப்பம் கூடும். விளக்கை முன்னதாகப் போடுவதும், பகல் தூக்கத்தைக் குறைப்பதும், எதிர்த்து வாதாடாமல் “வாங்க மாமா, டீ குடிச்சிட்டுச் சந்தைக்குப் போலாம்” என்று பேச்சை மாற்றுவதும் பல வீடுகளில் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கின்றன.

மருத்துவமனைக்கு முன் பல குடும்பங்கள் கோயிலுக்குப் போகும். பூக்கேட்கும், மந்திரித்துக் கயிறு கட்டும். இதைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள ஒரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு தணிந்ததை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அடி உதை இல்லாத அமைதியான இடமும் சிறு வேலைகளும் ஆதரவும் செய்த நன்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6-இல், ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கிய இல்லத்தில் சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் வெந்ததையும் நாம் மறக்க முடியாது. மறதிநோயாளிக்கு இன்னொன்றும் உண்டு: புது இடம் அவர் குழப்பத்தைப் பெருக்கும். கோயிலுக்குப் போய்வரட்டும், அங்கே தங்கவைக்க வேண்டாம்.

அல்சைமர் நோயில் நோயாளிக்கு அடுத்த நோயாளி அவரைப் பார்த்துக்கொள்பவர். ஷாஜி குழு கேரளத்தில் பேசிய பராமரிப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலருக்கு மனச்சோர்வு இருந்தது, தமக்கு வந்தது நோய் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. 1992-இல் குன்னங்குளத்தில் ஜேக்கப் ராய் தொடங்கிய மறதிநோய்ச் சங்கம் இந்த வேலையை முதலில் கையில் எடுத்தது. கோவாவில் 81 குடும்பங்களில் நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வைத் தமிழ்நாடு நன்றாகப் படிக்க வேண்டும். மருத்துவம் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நோய் என்ன என்று விளக்கினார்கள், நடத்தையைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், தேவைப்பட்டபோது மருத்துவரிடம் சேர்த்தார்கள். பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது.

அப்படி வீட்டுக்குப் போகக்கூடியவர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை மாத்திரையும் அழுத்த மாத்திரையும் எடுத்துக்கொண்டு மகளிர் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆட்டு வியாபாரியை மாதம் தவறாமல் பார்க்கும் ஒரே சுகாதாரப் பணியாளர் அந்தப் பெண்தான். “போன வருஷம் தானே செஞ்சுக்கிட்ட எதை இப்ப செய்ய முடியல?”, “சொன்னதையே சொல்றாரா?” என்ற இரண்டு கேள்வியை அவர் கையேட்டில் சேர்த்தால் அந்த இரண்டு ஆண்டு திரும்பக் கிடைக்கும். வேலைப் பளுவைக் கூட்டாமல், ஊதியத்தைக் கூட்டிச் செய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வைக்கும் ஒரே கோரிக்கை இது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநல மருத்துவச் சட்டம் மனநோய்க்குத் தரும் இலக்கணத்திலேயே நினைவின் கேடும் வருகிறது. அரசு தர வேண்டிய சேவைகளில் முதியோர் மனநலச் சேவையைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தொடக்க நிலையிலேயே, புத்தி தெளிவாக இருக்கும்போதே, பின்னாளில் தமக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், யார் தம் சார்பில் பேச வேண்டும் என்று ஒருவர் எழுதிவைக்கவும் அதில் வழி உண்டு. பட்டா, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகியவற்றின் ஏற்பாடுகளும் அப்போதே நடக்க வேண்டும். கைநாட்டு எதற்கு என்று புரியாத காலத்தில் பத்திரத்தோடு வருபவர்கள் வீட்டுக்குள்ளேயும் இருப்பார்கள்.

சென்னையில் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பில், ஸ்ரீதர் வைத்தீஸ்வரன் முதலியோர் இங்கிலாந்தில் பிறந்த ஒரு பயிற்சியைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். சிறு குழுவாக உட்காரவைத்து, பழகிய பொருள், பாட்டு, விளையாட்டு, சமையல் வழியாக மூளைக்கு வேலை கொடுப்பது. மருந்துக்கு நிகரான பயன் தரும் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. மேச்சேரியில் அப்படி ஒரு குழு அமைந்தால் அங்கே தாயமும் பல்லாங்குழியும் இருக்கும், தறிப்பாட்டு இருக்கும், ஆடும் இருக்கலாம். கையால் கற்ற வித்தை மூளையில் வேறிடத்தில் தங்கியிருக்கிறது, அல்சைமர் அங்கே தாமதமாகத்தான் போய்ச்சேரும்.

மாத்திரை தொடங்கி, இரவு தூக்கம் ஓரளவு திரும்பிய பிறகு, நம் வியாபாரியை மகன் ஒரு புதன்கிழமை சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போகிறான். பணப்பை மகனிடம். துண்டுக்குள் கை போகவில்லை. செம்பழுப்பு நிறத்தில் ஒரு மேச்சேரிக் கிடாவை இழுத்து அவர் முன்னால் நிறுத்துகிறான். அவர் மகனின் பெயரைச் சொல்லவில்லை. குனிந்து, இடது கையால் தாடையைப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்து, “நாலு பல்லு” என்கிறார். நான்கு பல்தான் இருந்தது.